நகத்து வெளிச்சம்

அவருடைய முகம் இப்போது எனக்கு முழுசாக நினைவில் இல்லை. மீசை இருந்தது, நரைத்திருந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இடது கைக் கட்டைவிரல் நகத்தை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காட்டுவேன். மற்ற ஒன்பது நகங்களின் ஓரத்திலும் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாகக் குடியிருந்தது. அந்த ஒன்று மட்டும் சிப்பியின் உட்புறம்போல் வெளுத்து வழவழவென்றிருக்கும். தினமும் எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார்.

"கல்யாணப் பொண்ணுகூட இப்டி நகத்த பாத்துக்காது மிலிட்டரிண்ணா" என்று எங்கள் வங்கி அட்டெண்டர் சீண்டுவார்.

"கல்யாணப் பொண்ணு அத வெச்சிகினு துப்பாக்கிக் குழல பாக்கப் போவுதா?" என்பார் அவர்.

அது புதுப்பட்டினத்தில் ஒரு வங்கிக் கிளை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்த குமாஸ்தா. இருபத்தாறு வயது. கைப்பையில் சோற்று டப்பாவும், யாருக்கும் காட்டாத கவிதை நோட்டும், ஒரு சின்னப் பித்தளைச் சாவியும். அவர் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்ற காவலர். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வாழ்நாளின் பாதியைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்று, ஓர் ஏஜென்சி மூலம் எங்களிடம் வந்தவர். சொந்த ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில். பெயர் இருந்தது. ஆனால் புதுப்பட்டினத்துக்கு அவர் மிலிட்டரி, அவ்வளவுதான்.

அந்தப் பித்தளைச் சாவியைச் சொல்லிவிடுகிறேன். தோட்டாப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், மற்றது என்னிடம். தினமும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து திறந்தால்தான் துப்பாக்கிக்குள் தோட்டா போகும். மாதம் ஒரு தரம் ஒரு பதிவேட்டில் 'துப்பாக்கியின் நிலை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதி இருவரும் கையெழுத்திடவேண்டும். நன்று, நன்று, நன்று. கிணற்றில் தவளை கத்துவதுபோல் பக்கம் பக்கமாக நன்று. என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. உலகத்தையே அந்தக் கேள்வியால்தான் அளந்தார்.

"தொறந்து பாத்தியா?"

ஃபேன் ஓடவில்லை என்றாலும் அதுதான். இன்னார் வீட்டுப் பெண் இன்னாரோடு ஓடிவிட்டாளாம் என்றாலும் அதுதான். ஒருமுறை திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவர் சட்டென்று கண் திறந்து, டிரைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பின்னாடி அச்சுல ஒரு முனகல் கேக்குது நைனா."

"அது பத்து வருசமா முனகினுதான் கீது. டிப்போவுல நல்லாக் கீதுன்னுட்டாங்க."

"தொறந்து பாத்தாங்களா?"

"யோவ் மிலிட்டரி, போய்க் குந்து. பார்டர்ல காமிக்க வேண்டியத எங்கைல காமிக்காத."

போய் உட்கார்ந்தார். ஆனால் இறங்கும்வரை தூங்கவில்லை. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே வந்தார், அடுத்த அறையில் ஒரு நோயாளி கிடப்பதுபோல.

என் டைப்ரைட்டர் வரி முடிவில் சிக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஆண்டு ஓட்டியிருந்தேன். ஒரு மதிய இடைவேளையில் அவர் வெள்ளைக் கைக்குட்டையை மேசையில் விரித்தார். திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, கழற்றின வரிசையிலேயே அடுக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல அவை வரிசையில் நின்றன. உள்ளேயிருந்து ஒரு கொண்டை ஊசி, நான்கு பொரிகடலை, ஒரு கரப்பான் கால் வெளியே வந்தன.

"நோட்ல ஏதோ கவித எழுதறீங்களாமே மேடம். பாத்து எழுதுங்க. கரப்பான் கால் வந்துடப் போவுது."

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். கொல்வதற்கென்றே செய்த ஒரு பொருளை அவர் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவும்போது என் முதுகில் ஏதோ ஊரும். உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல்தான் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவார். தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய ரைபிள் மாமியார் மாதிரி: சொன்னபடி செய்தால் ஒன்றும் சொல்லாது, முறை தவறினால் விரலைக் கடிக்கும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் படித்த மருமகன்: வேகம், ஆனால் கொஞ்சம் மண் பட்டாலும் கோபித்துக்கொள்ளும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எத்தனை நொடியில் பிரித்துப் பூட்டுவார் என்று சொல்லும்போது அந்தக் கண்கள் பளபளக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"புடிக்காதுன்னா இன்னும் நல்லா பாக்கணும் மேடம்" என்றார் ஒருநாள். "புடிச்சவன் சொம்மா தடவிகினு போயிடுவான்."

கணக்குப் புத்தகத்தோடு வரும் மீன்காரம்மா ஒருத்தி அவரை விடமாட்டாள். வாசலிலேயே கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"இன்னா மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட நீ?"

"ஒருத்தரையும் சுடல."

"பின்ன அங்க இன்னாதான் பண்ண?"

"சுடாம நின்னத சுட வெச்சேன். தானா சுட்டத சுடாம நிக்க வெச்சேன்."

"அப்போ மெக்கானிக்குன்னு சொல்லு. மீசைய முறுக்கிகினு நிக்கிற."

அவருக்கு அதைவிடப் பெரிய பதக்கம் யாரும் குத்தியிருக்க மாட்டார்கள். அன்று முழுவதும் சிரித்த முகமாக நின்றார்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

அவர் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, சர்வீஸ்தான். அந்த நாளில் ஊருக்குப் போய்விடுவார். சைக்கிள், கிரைண்டர், தையல் மெஷின், பக்கத்து வயல்காரரின் பம்ப்செட் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்துப் பூட்டுவார். குங்குமம் வைக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் வைப்பார். அந்த வருடமும் லீவு போட்டுப் போயிருந்தார். எங்கள் கிளையில் வழக்கம்போல முந்தின நாள் மாலை பூஜை. டைப்ரைட்டருக்குப் பொட்டு, ஜெனரேட்டருக்கு மாலை, பெட்டகத்துக்குப் பூசணிக்காய். அட்டெண்டர் சொன்னார்: "ஆயுத பூஜைன்றீங்க. ஆபீஸ்ல கீற ஒரே ஆயுதம் உள்ள பூட்டிக் கெடக்குது."

நியாயம்தானே. துப்பாக்கியை எடுத்துவந்து வாழையிலை மேல் கிடத்தினோம். கடற்காற்றில் இரும்பு மங்கலாக இருந்தது. பளபளவென்று இருக்கட்டுமே என்று நான்தான், என் இந்தக் கையால்தான், விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு அதை நெடுகத் தேய்த்தேன். விசைக்கு மேலே இருந்த இடுக்கில் நாலு சொட்டு விட்டேன். மூன்று விரலால் சந்தனம் இழுத்தேன். பிடிக்காத பொருளுக்கு அவ்வளவு மரியாதை செய்தது எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தார். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரு இதுக்கு எண்ண தேச்சி குளிப்பாட்னது?"

"நான்தாண்ணா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் விசையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். தேங்காயெண்ணெயில் சந்தனம் குழைந்து, உள்ளே இறங்கி, பிசினாகக் காய்ந்திருந்தது. திறந்து துடைத்தால் போதும். ஆனால் அந்த ஒரு துப்பாக்கியை அவர் திறக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை அது மெட்ராஸில் ஒரு கடைக்குப் போகும். கடைக்காரர் உள்ளே பார்த்துச் சரிசெய்து, திருகாணியின் தலைமேல் சிவப்பு அரக்கு வைத்து, சான்றிதழோடு அனுப்புவார். அரக்கை வேறு யாரும் உடைக்கக் கூடாது. அது விதி.

அவர் அரக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அரக்கு ஒரு சின்னச் சத்தத்தோடு உடைந்தது. வெள்ளைக் கைக்குட்டை, வரிசையாகத் திருகாணிகள். பக்கத் தகட்டைத் தூக்கியதும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"மேடம், இங்க வாங்க."

உள்ளே என் சந்தனம் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. அதற்கு அடியில் துரு. ஒரு வருடத்துத் துரு அல்ல; பழைய துரு, அடுக்கடுக்காக, பாசிபோல. கடைக்காரரின் திருப்புளி அங்கே நுழைந்தே பல வருடம் ஆகியிருக்கும். வருடா வருடம் அரக்கு மட்டும் புதுசாக வந்திருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பல்லைக் காட்டினார். தோட்டாவை அடிக்கும் சின்னச் சுத்தியல் பின்னால் இழுபட்டு அந்தப் பல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். விசையை இழுத்தால்தான் பல் அதை விடவேண்டும். இடப்பக்கத்துப் பல் தேய்ந்து மழுங்கி, கிழவன் வாய்போல் இருந்தது.

"உங்க எண்ணையால இல்ல. இது எப்பவோ போயிடுச்சி" என்றார். குரல் எனக்குச் சொல்வதுபோல் இல்லை. "ரெண்டு வருசம் இத தோள்ல போட்டுகினு நின்னுட்டேன் மேடம். எதுர கூட்டம். குழந்தையும் குட்டியுமா. ஊருல கீறவன எல்லாம் தொறந்து பாத்தியான்னு கேட்டுட்டு, நான் அரக்கு கீதுன்னு வுட்டுட்டேன்."

பிறகு துப்பாக்கியை அதன் நடுக் கீலில் முறித்து, குழல்களின் பின்வாயைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"தோட்டா இல்ல. ஆனா என்ன நம்பாதீங்க. விரல வுட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"இப்ப முன்னாடி வாய்ல கண்ண வெய்யுங்க."

துப்பாக்கியின் வாயில் கண்ணை வைப்பதாவது. இருந்தும் வைத்தேன். அவர் பின்வாய்க்கு அருகில் அந்தக் கட்டைவிரலைக் கொண்டுபோய் நகத்தை ஜன்னல் பக்கமாகச் சாய்த்தார். ஜன்னல் வெயில் நகத்தில் விழுந்து, திரும்பி, குழலுக்குள் நிறைந்தது. வளையம் வளையமாக வெளிச்சம். கிணற்றின் அடியிலிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல. வளையங்களுக்கு இடையே கறுப்பாகத் துருப் புள்ளிகள், அம்மைத் தழும்புகள். என் நோட்டில் நான் எழுதியிருந்த எல்லா நிலாக்களும் அந்த நிமிடம் பொய்யாயின. அவை எதையும் நான் பார்த்து எழுதவில்லை.

மேனேஜர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வரும் வாரம் அது. அதற்கடுத்து சம்பள நாள், பக்கத்து அணுமின் நிலைய ஊழியர் நகரியத்தின் பாதி எங்கள் ஹாலில் நிற்கும். அறைக்குள் கூப்பிட்டார். அவர் துப்பாக்கியோடு போனார், பதிவேட்டோடு நானும் போனேன்.

"அரக்க யாரு ஒடைச்சது?"

"நான்தான் சார்."

"யாரக் கேட்டு?"

"துப்பாக்கியக் கேட்டு சார்."

மேனேஜர் பேனாவை மூடிவைத்தார். "இங்க பாருங்க மிலிட்டரி. ஆயுத பூஜையில கற்பூரம் காட்டுனப்ப சூட்டுல அரக்கு உருகிருச்சுன்னு எழுதிருவோம். நீங்க எப்பவும்போல ரிஜிஸ்டர்ல நன்றுன்னு போடுங்க. ஆய்வு முடியட்டும், மெட்ராஸுக்கு அனுப்புவோம்."

"அதுவரிக்கும்?"

"எப்பவும்போல நிப்பீங்க."

"தோட்டாவோடவா சார்?"

"தோட்டா இல்லாம நிக்கிறதுக்கு ஒரு தடியக் கொடுத்துரலாமே."

அவர் துப்பாக்கியை முறித்து, காலியான பின்வாயை மேனேஜருக்குக் காட்டினார், எனக்குக் காட்டினார், மூடினார். குழலைக் கூரைப் பக்கம் வைத்து, விசையைத் தொடாமல், துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் லேசாகத் தட்டினார். உள்ளே சுத்தியல் விழுந்து 'டக்' என்றது. மறுபடி முறித்து, மூடி, ஒரு தட்டு. டக். பத்துத் தடவை தட்டினார். ஏழு தடவை அந்தச் சத்தம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மேனேஜரின் இமை துடித்தது.

"இத்தன வருசம் சுடலையே" என்றார் மேனேஜர் கடைசியில்.

"இத்தினி வருசம் நான் அத கீழ போடல சார்."

"கையெழுத்துப் போடலைன்னா, அரக்க ஒடைச்சதுக்கு நான் மேல எழுதியாகணும். ஏஜென்சிக்காரன் மறுநாளே உங்கள அனுப்பிருவான். ரெண்டாவது பொண்ணு நர்சிங் படிக்குதுன்னு சொன்னீங்கள்ல?"

"படிக்குது சார். அங்கயும் பாத்துட்டு எழுதத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. பாக்காம இல்ல."

பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கினார். நன்றுகளின் நீண்ட வரிசைக்குக் கீழே, எழுத்துக் கூட்டி எழுதுகிறவர்போல நிறுத்தி நிறுத்தி எழுதினார்: 'திறந்து பார்த்தேன். இடப்பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது. தோட்டா போடக் கூடாது.' கையெழுத்து. தேதி. பதிவேடு என் பக்கம் திரும்பியது. மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாதே என்று எனக்குக் காட்டிய ஜாடை அது என்று தெரிந்தது.

"அப்புறம் போடறேன் சார்" என்றேன்.

அழகான என் கையெழுத்து. அன்றைக்கு அது வரவில்லை.

அவர் என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்த விளக்கத்தில் 'சுத்தம் செய்யத் திறந்தேன்' என்று மட்டும் இருந்தது. எண்ணெய் பற்றி ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமை அவரை நிறுத்திவிட்டார்கள். தன் சாவியை மேசைமேல் வைத்தார், கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டார், போய்விட்டார்.

ஆய்வுக்கு வந்தவர்களிடம் துப்பாக்கி சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்லப்பட்டது. போயிருந்ததும் உண்மைதான். மூன்றே நாளில் திரும்பியது. திருகாணியின்மேல் புது அரக்கு, கோவைப்பழம்போல் சிவப்பாக.

சம்பள நாள் காலை. ஹாலில் மூச்சுவிட இடமில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த புதுக் காவலர் தோட்டாப் பெட்டியில் தன் சாவியைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க சாவி மேடம்."

கைப்பைக்குள் கையை விட்டேன். சாவி கையில் தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது, அந்தக் குழல்போலவே.

"தொறந்து பாத்தீங்களா?" என்றேன்.

"இன்னாத்த மேடம்?"

"துப்பாக்கிய."

"அதான் சீல் கீதே."

"கடைக்காரர சீலத் தொறந்து காட்டச் சொல்லுங்க. அப்புறம் சாவி."

மேனேஜர் வெளியே வந்தார். காதோரமாக, "என்னம்மா இது, இன்னைக்குப் போயி" என்றார். நான் பதிவேட்டைப் பிரித்தேன். மிலிட்டரியின் வரிக்குக் கீழே இன்னும் காலியாக இருந்த என் கட்டத்தில், நின்றபடியே எழுதினேன்: 'நானும் பார்த்தேன். அவர் எழுதியது சரி. உள்ளே எண்ணெய் ஊற்றியவள் நான். அதனால்தான் அவர் திறந்தார்.' எழுத்து கோணியது. என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே அசிங்கமான கையெழுத்து அது. அதைத்தான் இன்றைக்கும் என் கையெழுத்து என்று நினைத்துக்கொள்கிறேன்.

"உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்."

வரிசையின் நடுவிலிருந்து மீன்காரம்மாவின் குரல் வந்தது. "அந்தப் பொண்ணு இன்னா தப்பா கேட்டுட்ச்சி? தொறந்து காமியேன்யா. மீன் வாங்கறவன்கூட செவுளத் தொறந்து பாத்துதான் வாங்கறான்."

ஹால் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் இருந்த இரண்டு வரிகளையும் இன்னொரு தடவை படித்தார். கிழிக்கமுடியாத, பக்க எண் போட்ட பதிவேடு. அன்றைக்குப் புதுக் காவலர் காலித் துப்பாக்கியோடு நின்றார். பாதுகாப்புக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரரை வரவழைத்தார்கள்.

நாலாம் நாள் மெட்ராஸ் கடைக்காரரின் ஆள் பையோடு வந்தான். மேனேஜர் அறையில், என் கண்முன் அரக்கை உடைத்தான். அதே மழுங்கல் பல். பையிலிருந்து புதுப் பல்லை எடுத்து அரத்தால் ராவி ராவிப் பொருத்தினான். அரை மணி நேர வேலை. அரை மணி நேரம்தான். அதற்காக ஒரு மனிதனின் வேலை போயிற்று. அதற்குப் பிறகு நான் சாவியைக் கொடுத்தேன். மெமோ வந்தது. ஆறு மாதத்தில் விழுப்புரம் பக்கம் மாற்றலும் வந்தது. அவரை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. அரக்கை உடைத்தது உடைத்ததுதான் என்றார்கள்.

அதன்பின் அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, திரும்பவும் செங்கல்பட்டுப் பக்கமே மாற்றலாகி வந்திருந்தபோது. மாமல்லபுரத்தில் கோயில் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏறிக் கிடக்கும் பக்கம். ஓலைக் கொட்டகைக்குக் கீழே ஒரு படகு இன்ஜின் குடலைத் திறந்து கிடந்தது. முதலில் வெள்ளைத் துணியைத்தான் பார்த்தேன். வரிசையாகத் திருகாணிகள். பிறகு நகம்.

"அண்ணாத்த, இன்ஜினுக்கு ஜோசியம் பாத்தது போதும், கடலுக்குப் போவணும்" என்று ஒருவர் படகின்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

"நடுக்கடல்ல நின்னுட்டா அங்க வந்து பாக்க சொல்லுவியா? குந்து."

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பெண் நர்ஸ் ஆகிவிட்டாள் என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சாவியைக் கொடுக்காதது, கோணல் கையெழுத்து, மீன்காரம்மாவின் செவுள், அரை மணி நேரத்துப் பல். இத்தனை வருடம் மடியில் கட்டிவைத்திருந்த ஒன்றை அவிழ்த்துவைப்பதுபோல் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், ஒரு சொல்லுக்காக.

அவர் ஒரு திருகாணியைத் துடைத்து வரிசையில் வைத்தார்.

"நல்லது மேடம். அவன் தொறந்தான், பல்ல போட்டான். அப்பால மூடனத பாத்தீங்களா? தட்டிப் பாத்தீங்களா?"

யோசித்தேன். பல் பொருந்தியதும் கவுண்டரிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அரக்கு சிவப்பாக, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். குறை சொல்லவில்லை. இன்ஜினுக்குள் குனிந்துகொண்டார். கடல் வழக்கம்போல எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அந்தத் துப்பாக்கி இன்னும் பழைய கிளையில்தான் இருந்தது, விசாரித்துவைத்திருந்தேன். மறுநாள் லீவு போட்டேன். செங்கல்பட்டில் புதுப்பட்டினம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து அரை மூடி எலுமிச்சையை எடுத்து, இடது கைக் கட்டைவிரல் நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன்.